சென்னை முதல் வேளாங்கண்ணி வரை நடைபயணம்: வழியில் எங்கே தங்குவது என்று கேட்பவர்களுக்கு

ஆடி மாதம் பாதி கழிந்ததும் என் போன் ஓயாது. "அண்ணே, இந்த வருஷம் நாங்களும் மாதா கோயிலுக்கு நடக்கலாம்னு இருக்கோம், ராத்திரி எங்க தங்கறது?" என்று ராயபுரத்திலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ யாராவது கேட்பார்கள். பெசன்ட் நகரிலிருந்து வேளாங்கண்ணிக்கு ஏழு தடவை நடக்கக் கிளம்பியிருக்கிறேன். அதில் இரண்டு தடவை பாதியில் பஸ் ஏறினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். படுக்க இடம் சரியாக அமைந்துவிட்டால் மறுநாள் 30 கிலோமீட்டரைக் கால் தானாக நடந்துவிடும். அமையாவிட்டால் 10 கிலோமீட்டருக்கே அழுதுவிடும். அதனால் இங்கே மற்ற எல்லாவற்றையும்விடத் தங்குவதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

மொத்தம் எவ்வளவு தூரம், எத்தனை நாள் ஆகும்?

ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறத்தாழ 320 கி.மீ. புதுச்சேரி வரை சுமார் 150, அங்கிருந்து கடலூர் 22, சிதம்பரம் இன்னொரு 45, சீர்காழி 20. அதற்குப் பிறகு தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று கடலோரமாகவே போய்ச் சேரலாம். ஒரு நாளைக்கு 30 கி.மீ. என்று வைத்தால் 10 அல்லது 11 நாள். இளவட்டங்கள் மட்டும் இருக்கும் குழு எட்டு நாளில் முடித்துவிடும். முதல் நாள் உற்சாகத்தில் 40, 45 என்று நடந்த குழுவை மூன்றாம் நாள் கடப்பாக்கத்தில் கால் வீங்கி உட்கார்ந்திருக்கப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழுவில் நானும் இருந்தேன். மேலே சொன்ன இரண்டு பஸ்ஸில் ஒன்று அது.

எந்தத் தேதியில் கிளம்பலாம்?

திருவிழா தேதி மாறுவதில்லை. ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றம், செப்டம்பர் 7 இரவு பெரிய தேர், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள், அன்றே கொடியிறக்கம். கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் ஆகஸ்ட் 18 விடியற்காலையில் கிளம்புங்கள். தேருக்கு என்றால் 27. இரண்டிலும் ஒரு நாள் கையிருப்பு இருக்கிறது, மழைக்கோ காய்ச்சலுக்கோ அது வேண்டும்.

எனக்குப் பிடித்த கணக்கு வேறு. 22ஆம் தேதி வாக்கில் கிளம்பி, கொடியேற்றமும் தேரும் இல்லாத நடு நாள்களில், செப்டம்பர் 1 அல்லது 2இல் போய்ச் சேர்வேன். கொடியேற்றத்துக்கு ஓடும் கூட்டம் முன்னால் போயிருக்கும், தேருக்கு வரும் கூட்டம் பின்னால் இருக்கும். வழியில் எந்த ஊரிலும் இடம் கேட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

எந்த வழி நல்லது?

தென்சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆர்.தான். தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக் குழுக்களில் சில ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுபாக்கம், திண்டிவனம் என்று போய்ப் புதுச்சேரியில் சேரும். அச்சிறுபாக்கத்தில் மழை மலை மாதா திருத்தலம் இருப்பது அந்த வழிக்கு ஒரு பலம். ஜி.எஸ்.டி.யில் ஓட்டலும் மருத்துவமனையும் அடிக்கடி வரும், லாரியும் ஆம்னி பஸ்ஸும் அதைவிட அடிக்கடி வரும். ஈ.சி.ஆரில் கடைகள் குறைவு, காற்று உண்டு.

நான் நாள் பிரிப்பது இப்படி. முதல் இரவு கோவளம். இரண்டாவது மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம். மூன்றாவது பாலாற்றைக் கடந்து கடப்பாக்கம். நான்காவது மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி ஏதாவது ஒரு கிராமம். ஐந்தாவது புதுச்சேரி, ஆறாவது கடலூர். இந்த இடத்தில் உடம்பு பழகிவிடும். ஏழாவது புதுச்சத்திரம், எட்டாவது சிதம்பரம் தாண்டி கொள்ளிடக்கரை, ஒன்பதாவது திருக்கடையூர், பத்தாவது காரைக்கால். பதினோராம் நாள் நாகூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி. சரி, இதில் ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இரவில் எங்கே தங்குவது?

வழியில் உள்ள மாதா கோயில் வளாகம், கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், லாட்ஜ், அப்புறம் எதுவும் இல்லாவிட்டால் பயணியர் நிழற்குடை. ஒவ்வொன்றிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

கோயில் வளாகம்தான் முதல் தேர்வு. கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயம், புதுச்சேரியைத் தாண்டியதும் கடலூர் சாலையில் அரியாங்குப்பம் மாதா கோயில், காரைக்காலில் தேற்றரவு அன்னை ஆலயம் என்று பெரிய கோயில்கள் வழியிலேயே வருகின்றன. ஆனால் எல்லாக் குழுவும் பெரிய கோயிலுக்குத்தான் போகும். அதற்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னாலோ பின்னாலோ ஒரு சின்னக் கிளைக் கோயில் இருக்கும். முன்னால் ஒரு கெபி (மாதா சிலை வைத்த குகை மாடம்), பக்கத்தில் ஒரு அடிகுழாய் அல்லது தொட்டி, நாலு வேப்பமரம். அங்கே இடமும் கிடைக்கும், தூக்கமும் வரும்.

பள்ளிக்கூடத்தில் தங்குவதானால் கிழமையைப் பாருங்கள். ஆகஸ்டில் பள்ளி நடந்துகொண்டிருக்கும். வார நாளில் மாலை ஐந்து மணிக்கு முன்னால் உள்ளே விட மாட்டார்கள், காலை ஏழரைக்குள் பெஞ்சுகளைப் பழையபடி போட்டுவிட்டுக் கிளம்பியாக வேண்டும். பகலில் ஓய்வெடுக்கப் பள்ளி உதவாது. சனி, ஞாயிறு இரவுகளைப் பள்ளிக்கும் மற்ற இரவுகளைக் கோயிலுக்கும் வைத்துத் திட்டம் போட்டால் பாதித் தலைவலி தீரும்.

கல்யாண மண்டபத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆடியில் மண்டபங்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, மண்டபமெல்லாம் சும்மாத்தான் இருக்கு" என்பார்கள். நாம் நடப்பது ஆவணியில். ஆவணி பிறந்ததும் ஆடியில் நிறுத்திவைத்த கல்யாணமெல்லாம் வரிசையாக வரும். காலண்டரில் முகூர்த்த நாளையும் அதற்கு முந்தின நாளையும் அடித்துவிட்டுத்தான் மண்டபம் கேட்க வேண்டும். முந்தின நாள் மாலையே பெண் அழைப்பு, வரவேற்பு என்று ஆள் வந்துவிடும். விநாயகர் சதுர்த்தியும் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான் வரும். சிலை கரைக்கும் நாளில் கடலோரச் சாலையில் நடப்பதைத் தவிர்த்து ஓய்வு நாளாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் இந்தச் சாலைகளில் இத்தனை யோசனை தேவைப்பட்டிருக்காது. நடந்து போகிறவர்களுக்காகவே சத்திரம், சாவடி, தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் எல்லாம் இருந்தன. பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல்லை இன்றும் அங்கங்கே பார்க்கலாம், இப்போது அதன்மேல் கட்சிக்கொடி நிறம் அடித்திருப்பார்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் ஊர்ப் பெயரே புதுச்சத்திரம். முதல் தடவை அந்தப் பலகையைப் பார்த்ததும் நம்பிக்கையோடு சத்திரத்தைத் தேடினேன். டீக்கடைதான் கிடைத்தது.

கோயிலில் எப்படிக் கேட்பது? யாரைப் பார்ப்பது?

கடிதத்தோடு போங்கள். உங்கள் பங்குச் சாமியாரிடம் ஒரு அரைப் பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ன பங்கிலிருந்து இத்தனை பேர், ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, பொறுப்பாளர் இன்னார், அவர் போன் எண் இது என்று இருந்தால் போதும். பத்து நகல் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஜூலையிலேயே இரண்டு பேர் பைக்கில் போய் எல்லா ஊரிலும் பேசிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், இரண்டு நாளில் முடிந்துவிடும்.

ஆனால் சாமியார் சரி என்று சொன்னால் மட்டும் கதவு திறக்காது. சாவி, கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் இருக்கும். அவரைப் பார்க்காமல் எதுவும் நடக்காது.

மரக்காணத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் அப்படி ஒரு கோயில்பிள்ளை. எழுபது வயது இருக்கும், சட்டை போடாமல் தோளில் துண்டோடு வந்தார். நான் கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை. எங்கள் கால்களைத்தான் பார்த்தார். ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டே வந்து, "எத்தன பேருப்பா?" என்றார்.

"இருபத்திரண்டு பேருங்க ஐயா. எட்டு பேர் பொம்பளைங்க."

"காலையில ஆறு மணிக்குப் பூசை. அதுக்குள்ள எந்திரிச்சிருவீங்களா?"

"நாங்க மூணரைக்கே கிளம்பிடுவோம் ஐயா."

"அப்ப கேட்டப் பூட்டிட்டுச் சாவிய மாதா காலடியில வச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்துப் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளைத் திறந்துவிட்டார். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுத் தார்பாய் விரித்தோம். ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதைச் சுற்றிக் கோழிக்குஞ்சு மாதிரி பதினெட்டு போன். கரும்பலகையின் மூலையில் 'பதிவு 34, வருகை 31' என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. எங்கள் குழுப் பையன் ஒருவன் அதற்குக் கீழே 'இரவு வருகை 22' என்று எழுதிவிட்டான். அவசரத்தில் அழிக்க மறந்து கிளம்பிவிட்டோம். அடுத்த வருடம் போனபோது அந்தப் பள்ளி ஆசிரியை அதைச் சொல்லிச் சிரித்தார். வகுப்பைக் கூட்டிவிட்டுப் போயிருந்ததால்தான் சிரித்தார் என்று நினைக்கிறேன். அதனால் சாமான்களில் துடைப்பம் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

வாடகை என்று யாரும் கேட்பதில்லை. உண்டியலில் போடுங்கள், கரண்டுக்குத் தண்ணீருக்கு என்று சொல்லிக் கோயில்பிள்ளை கையிலும் கொடுங்கள்.

இடம் கிடைக்காமல் போனால்?

ஒரு வருடம் நாங்கள் போன் பண்ணாமல், "போன தடவ குடுத்தாங்களே" என்ற தைரியத்தில் ஒரு ஊருக்குப் போனோம். மழையில் நனைந்து போய்ச் சேரும்போது ராத்திரி எட்டே முக்கால். கேட் பூட்டியிருந்தது. உள்ளே எங்களுக்கு முன்னால் வந்த குழு ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. தப்பு எங்களுடையது. அன்று பத்தொன்பது பேர் ஒரு பயணியர் நிழற்குடையில் உட்கார்ந்தபடியே விடியலைப் பார்த்தோம். அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறோம்: மாலை நாலரைக்குள் அன்றைய இரவு உறுதியாகவில்லை என்றால், அடுத்து வரும் ஊரிலேயே நடையை நிறுத்திவிட்டு இடம் தேடுவோம். வெளிச்சம் இருக்கும்போது கேட்டால் திருப்பயணி. இருட்டிய பிறகு கேட்டால் யாரோ பத்துப் பேர்.

கடற்கரையில் படுக்கலாமே என்று கேட்கிறார்கள். வேண்டாம். மீனவர்கள் படகை இறக்குகிற இடம் அது, ராத்திரி இரண்டு மணிக்கே நடமாட்டம் தொடங்கிவிடும். ஆகஸ்டில் மாலை இடிமழையும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பெட்ரோல் பங்க்கில் கழிப்பறைக்குப் போகலாம், தண்ணீர் பிடிக்கலாம். படுக்க அனுமதி கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

லாட்ஜ் எடுத்துத் தங்கினால் அது பாதயாத்திரை ஆகாதா?

ஆகும். மாதா ரசீது கேட்க மாட்டாள். இரண்டு மூன்று பேராக நடப்பவர்களுக்கு லாட்ஜ்தான் வசதி. மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் எல்லா ஊரிலும் உண்டு. மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் சனி, ஞாயிறு வாடகை எகிறும். அதனால் அந்த இரண்டு ஊரையும் வார நாளில் கடக்கிற மாதிரி கிளம்புங்கள். சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி மலிவாகக் கிடைக்கும். ஒவ்வொருவரும் ஆதார் நகல் வைத்திருங்கள். பெரிய குழுவாகப் போகிறவர்கள்கூட நடுவில் ஒரு இரவு, கடலூரிலோ சிதம்பரத்திலோ, இரண்டு அறை எடுத்து எல்லோரும் முறை வைத்துக் குளித்துத் துணி துவைத்துக்கொள்ளலாம். விரதத்துக்குக் கட்டிய காவித்துணியின் ஆறு நாள் வாசனைக்குப் பிறகு அந்த ஒரு பக்கெட் வெந்நீர் சொர்க்கம்.

புதுச்சேரி, காரைக்கால் இரண்டு ஊரிலும் குழுத் தலைவர்கள் கொஞ்சம் கண் வைக்க வேண்டும். விரதம் சோதனைக்கு உள்ளாகும் ஊர்கள் அவை. புரிந்திருக்கும்.

பெண்கள் போகலாமா? குளிக்க, கழிப்பறைக்கு என்ன வழி?

எங்கள் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்தான். நடையில் அவர்கள் சோர்ந்து நான் பார்த்ததில்லை. சிரமமெல்லாம் கழிப்பறைதான். குழுவில் சேருவதற்கு முன்னால் பொறுப்பாளரிடம் நேராகவே கேளுங்கள்: எந்தெந்த ஊரில் பெண்களுக்குத் தனி அறை, எங்கே கதவு வைத்த குளியலறை? அவர் யோசித்துப் பதில் சொன்னால் சேருங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றால் வேறு குழுவைப் பாருங்கள்.

சிஸ்டர் மடம் இருக்கும் ஊர்களில் பெண்களுக்கு மட்டும் உள்ளே இடம் கொடுப்பது உண்டு, முன்கூட்டியே கேட்க வேண்டும். கல்பாக்கம் தாண்டி மரக்காணம் வரை கழிப்பறை குறைவு என்பதால் அந்த இரண்டு நாளும் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு, வெயிலில் மயக்கம் போட்டுவிடும். அதற்குப் பதிலாக எங்கள் அக்காமார்கள் கண்டுபிடித்த வழி, சாமான் ஏற்றிக்கொண்டு கூடவே வரும் குட்டியானை வண்டியில் நாலு மூங்கில் கழியும் இரண்டு பழைய சேலையும். எங்கே வேண்டுமானாலும் இரண்டு நிமிடத்தில் மறைப்பு தயார். மாதவிலக்கு வந்தால் நடக்கலாமா என்று தயங்கிக் கேட்கிறார்கள். தாராளமாக நடக்கலாம். உடம்பு முடியாவிட்டால் அன்று வண்டியில் வாருங்கள்.

சாப்பாடு?

திருவிழா நெருங்கும் நாள்களில் வழியெங்கும் யாராவது மோர், தண்ணீர், பொங்கல், சாம்பார் சாதம் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். எந்தக் கோயில்காரர், எந்த மதத்துக்காரர் என்று பார்த்துக் கொடுப்பதில்லை. அதை மட்டும் நம்பி 22ஆம் தேதி கிளம்பினால் முதல் நாலு நாள் பட்டினிதான். பெரிய குழு என்றால் அடுப்பும் பாத்திரமும் வண்டியில் எடுத்துப் போய்ச் சமைப்பது சிக்கனம். சின்னக் குழுவுக்கு மெஸ், இட்லிக் கடை போதும். நடக்கும்போது வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்துதான், வியர்வையில் போன உப்பு திரும்பி வராது. உப்புப் போட்ட மோர், ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். என்று நடுநடுவே குடியுங்கள்.

வெறுங்காலில் நடக்க வேண்டுமா? கொப்புளம் வந்தால்?

வேண்டுதல் உங்களுடையது, நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் காலை பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை தோசைக்கல். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. கால் மரத்துப்போயிருந்தால் முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது, புண் ஆறாது. கடைசி 10, 12 கிலோமீட்டர், நாகப்பட்டினத்திலிருந்து மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அது நல்ல ஏற்பாடாகத் தோன்றுகிறது.

புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம். இரண்டு மாதமாவது போட்டுப் பழகியது வேண்டும். விரல் இடுக்கிலும் குதிகாலிலும் காலையில் வாசலின் தடவி, பருத்தி சாக்ஸ் நனைந்தவுடன் மாற்றிவிட்டால் பாதிக் கொப்புளம் வராது. வந்துவிட்டால் சின்னதை அப்படியே விட்டுவிடுங்கள். பெரிதாகி நடக்க முடியாமல் வலித்தால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் மருந்து வைத்துக் கட்டுங்கள். தோலை உரித்துவிட்டு மஞ்சள் அப்பிய ஒரு தம்பிக்குச் சிதம்பரத்தில் டாக்டரிடம் கிடைத்த திட்டு மாதா கோயில் வரை கேட்டிருக்கும்.

இரவில் நடப்பது பாதுகாப்பா?

வெயிலுக்குப் பயந்து எல்லோரும் விடியற்காலை மூன்று மணிக்கு நடக்கிறார்கள். லாரி ஓட்டுநருக்குக் கண் சொக்கும் நேரமும் அதுதான். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, நடந்து போகிறவர்கள்மீது வண்டி மோதிய செய்தி இல்லாத வருடம் அரிது. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். மாதா சிலை வைத்த சப்பரம் இழுத்துப் போகும் குழு இடப்பக்கம்தான் போக முடியும். அப்போது பின்னால் வண்டி ஒன்று விளக்கைச் சிமிட்டியபடி வந்தே ஆக வேண்டும். காவி இருட்டில் தெரியாது. முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள், அல்லது ரோடு வேலைக்காரர்கள் போடும் அந்த ஜாக்கெட்டை வாங்கிப் போடுங்கள். காதில் ஹெட்போனில் மாதா பாட்டு வேண்டாம், வாயால் பாடுங்கள். கொள்ளிடம் பாலம் போன்ற நீளமான பாலங்களை வெளிச்சம் வந்த பிறகு கடங்கள். யாருக்காவது அடிபட்டால் 108.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

முதுகில் நாலு கிலோவுக்கு மேல் வேண்டாம். இரண்டு செட் உடை, கைலி அல்லது நைட்டி, துண்டு, ஒரு போர்வை, கொசுவத்தி, டார்ச், மருந்து, செபமாலை. மற்றதெல்லாம் வண்டிக்கு. வண்டி இல்லாதவர்கள் தலையணையைப் பற்றி யோசிக்காதீர்கள், பைதான் தலையணை.

நான் கிறிஸ்தவர் இல்லை. வரலாமா?

எங்கள் குழுவிலேயே ஆறேழு பேர் இந்துக்கள். மாலை போட்டு, காவி கட்டி, விரதம் இருந்து வருவார்கள், போய் மொட்டை போடுவார்கள். சபரிமலைக்கும் போவார்கள், இதற்கும் வருவார்கள். நாகூரைக் கடக்கும்போது தர்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதும் உண்டு. பூசையில் நற்கருணை வாங்கும் வரிசையில் மட்டும் நிற்க வேண்டாம், அது கத்தோலிக்கர்களுக்கு. மற்றபடி யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவ்வளவு தூரம் முடியாது. பெசன்ட் நகர் மாதா கோயில் வரை நடந்தால் போதுமா?

போதும். அங்கேயும் அதே ஆகஸ்ட் 29 தொடங்கி செப்டம்பர் 8 வரைதான் திருவிழா. வடசென்னையிலிருந்தும் ஆவடியிலிருந்தும் ராத்திரி கிளம்பி விடியும்போது போய்ச் சேர்கிறவர்கள் ஏராளம். தங்குமிடம் தேட வேண்டாம், மறுநாள் வேலைக்கும் போகலாம்.

திருப்பதிக்கு நடப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

காலும் சாலையும் ஒன்றுதானே. ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், நாராயணவனம், புத்தூர் வழியாகப் போனால் சுமார் 140 கி.மீ., நாலைந்து நாள். புரட்டாசியில் வழியெல்லாம் பந்தல் இருக்கும். நாகலாபுரம், நாராயணவனம் இரண்டு பெருமாள் கோயிலும் திருமலை தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில்தான் இருக்கின்றன. கடைசியில் அலிபிரியில் 3,550 படி காத்திருக்கிறது என்பதால் புத்தூரில் ஒரு நல்ல தூக்கம் போட்டுவிட்டுப் போங்கள். மூட்டையை அலிபிரியில் கொடுத்தால் மேலே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

வேளாங்கண்ணிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எங்கே தங்குவது?

திருத்தலத்துக்குச் சொந்தமான விடுதிகளும் தனியார் லாட்ஜுகளும் நிறைய இருக்கின்றன. கொடியேற்றத்துக்கும் தேருக்கும் வெகு முன்னாலேயே எல்லாம் நிறைந்துவிடும். கையில் முன்பதிவு இல்லாமல் அந்த இரண்டு நாள்களில் போனால் மணலிலோ கொட்டகையிலோதான் படுக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் படுக்கிறார்கள், தப்பில்லை. பைகளுக்கும் போன்களுக்கும் காவலாக ஒருவர் மாற்றி ஒருவர் முறை வைத்து விழித்திருங்கள். அங்கே அறை கிடைக்காத குழுவுக்கு நான் சொல்வது, நாகப்பட்டினத்தில் அறை எடுத்துவிட்டு அதிகாலையில் மிச்சத் தூரத்தை நடந்து போய், பூசை பார்த்து, மாதா குளத்துக்கு முட்டி போட்டுப் போகும் வேண்டுதலையும் முடித்துவிட்டு மதியத்துக்குள் பஸ்ஸில் அறைக்குத் திரும்புவது. காலை நேரத்து மணலில் முட்டியும் அதிகம் தேயாது.

திரும்பி வருவது எப்படி?

நடந்து இல்லை. திருவிழா நாள்களில் சென்னைக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். ரயில் என்றால் காரைக்காலிலிருந்து சென்னைக்கு வரும் இரவு எக்ஸ்பிரஸ் நாகப்பட்டினத்தில் நிற்கும். 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும், செப்டம்பர் 8 பயணத்துக்கு ஜூலை 10. அன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்து எடுத்தால்தான் உண்டு. எடுக்கும்போது கீழ் பெர்த் கேளுங்கள். 320 கிலோமீட்டர் நடந்த கால் அந்த மூன்று படி ஏணியில் ஏறாது. போன வருடம் மேல் பெர்த் கிடைத்த எங்கள் ஆள் ஒருவர் விழுப்புரம் வரை கழிப்பறை வாசலில் தினத்தந்தியை விரித்து உட்கார்ந்துகொண்டே வந்தார்.